முந்த ஒரு ஆள்

போன வருடம் மலைப்பாதை மாரத்தானில் கடைசியாக வந்த நூலகர், இந்த முறை ஒருவரையாவது முந்திவிடும் வெறியில் குனிந்த தலை நிமிராமல் ஓடினார். முன்னால் ஓடியவர்களில் ஒருவரையும் காணோம். பக்கத்தில் வந்தவரோ பேச்சை நிறுத்துவதாயில்லை.

“மேகத்தைப் பாருங்கக்கா. பள்ளத்தாக்குச் சூட்டுக்காத்து மேல ஏறிக் குளிர்ந்ததும் இப்படிப் பஞ்சாயிடும்.”

“எனக்கு உயிரே போகுது. உங்களுக்கு மூச்சே வாங்கலையா?”

“உக்காந்துதானே வர்றேன்!”

திரும்பிப் பார்த்தார். சத்தமே போடாத பேட்டரி பஸ். ஓட முடியாதவர்களை ஏற்றிச் செல்வது. பேசியவர் அதன் ஓட்டுநர். ஜன்னலெல்லாம் தலைகள்.

“ஐயோ, இந்த வருஷமும் நான்தான் கடைசியா? ஏறிக்கட்டுமா?”

“ஏறிடாதீங்க! முன்னாடி போன நாற்பது பேரும் அருவியைப் பார்த்ததும் இனிமே ஓட மாட்டோம்னுட்டாங்க. நீங்க மட்டும்தான் தலை நிமிராம அதைத் தாண்டி வந்துட்டீங்க. அவங்க அத்தனை பேரையும் ஏத்திக்கிட்டு உங்களைத் தேடி வர்றேன். நீங்களும் ஏறிட்டா முதல் பரிசை யாருக்குக்கா குடுக்கறது?”