சரிபார்த்து வருகிறோம்

"யோவ், எடுய்யா வண்டியை! உங்க அப்பன் வீட்டு வாசலா இது?"

டீம் லீடர் தோக்கோ போட்ட சத்தத்தில், காபிக்கு வரிசையில் நின்றிருந்த பாதித் தெருவும் திரும்பிப் பார்த்தது. கம்பெனி வாசலில் நின்றிருந்த லாரி மட்டும் அசையவில்லை. அதன் பக்கவாட்டில் இருந்த பெரிய திரையில் சிவப்பு எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. 'மழை வந்தால் பந்து எங்கே போகிறது? மூன்று வருடமாகக் கேட்கிறோம்!'

கொரியாவின் கேம் கம்பெனிகள் குவிந்திருக்கும் பாங்கியோவில் இது புதிதல்ல. ஒரு வீடியோ கேம் மீது கோபம் வந்தால், விளையாடுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு இப்படி ஒரு லாரியை வாடகைக்கு அமர்த்தி, கம்பெனி வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். போன வாரம் எதிர்க் கட்டடத்துக்கு வந்தது, இன்று இங்கே வந்துவிட்டது.

தோக்கோவின் பின்னால் நின்றிருந்த பிட்னாவுக்கு, அந்த எழுத்துகள் தன்னையே பெயர் சொல்லித் திட்டுவது போலிருந்தது. அவளுடைய கம்பெனி வருடா வருடம் வசந்தத்தில் ஒரு பேஸ்பால் கேம் வெளியிடும். அதில் மழை பெய்தால் போதும், அடித்த பந்து அந்தரத்தில் மறைந்துவிடும். வருடம் மாறி, அட்டைப்படம் மாறி, விலையும் ஏறியது. பந்து மட்டும் திரும்பி வரவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் போன பதில் ஒன்றுதான்: 'சரிபார்த்து வருகிறோம்.' அதற்குக் கீழே இருக்கும் பெயர், ஓக் பிட்னா.

ரசிகர்கள் அவளுக்குக் 'கிளிப்பிள்ளை' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். வீட்டிலும் நிம்மதி இல்லை. நேற்று சாப்பிடும்போது தம்பி கிம்ச்சிக் குழம்புப் பானையை எட்டிப் பார்த்து, "அக்கா, குழம்பு மிச்சம் இருக்கா? இல்ல, சரிபார்த்து வர்றியா?" என்று கேட்டான்.

இன்று ஒன்று உண்மையான பதில், இல்லாவிட்டால் ராஜினாமா. அந்த முடிவோடுதான் அவள் பஸ் ஏறியிருந்தாள்.

"சார், ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொல்லிடலாம் சார். தப்பு இருக்கு, சரி பண்றோம்னு. அவங்க கேக்கிறதும் அவ்வளவுதானே?"

"மேல கேக்காம எப்படிம்மா சொல்றது?"

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரிபார்த்து வர்றாங்களாம்."

கடுப்பை எங்கே காட்டுவது என்று தெரியாதவர்போல, தோக்கோ மறுபடி லாரி பக்கம் திரும்பினார். "வாசலை மறைக்காதேன்னு சொல்றேன்ல! அந்த கிங்கோ மரத்தைத் தாண்டிக் கொண்டுபோ. இன்னும் முன்னாடி... இன்னும் கொஞ்சம்... ஆங், அங்கயே நில்லு!"

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே மரத்தைத் தாண்டிப் போய் நிறுத்தினார். தோக்கோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். விரட்டி அடிப்பார் என்று பார்த்தால், வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்துவதுபோல நகர்த்திவிட்டு வருகிறாரே என்று பிட்னாவுக்கு எரிச்சலாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு வேளையில் கம்பெனித் தலைவர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். மேசையில் நூடுல்ஸ் கிண்ணம் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது.

"என்னய்யா அது? ஜன்னல் பக்கம் திரும்பினா நேரா என் மூஞ்சிக்கே ஓடுது, 'பந்து எங்கே, பந்து எங்கே'ன்னு! ஒரு வாய் உள்ள இறங்க மாட்டேங்குது. என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?"

பிட்னா தோக்கோவைத் திரும்பிப் பார்த்தாள். இவருக்கு விஷயமே தெரியாதா? போவதுதான் போகிறோம், சொல்லிவிட்டே போவோம் என்று மழை, பந்து, மூன்று வருடம், கிளிப்பிள்ளை என எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

"இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

தோக்கோ தலையைக் குனிந்துகொண்டார். "எழுதிக்கிட்டேதான் சார் இருந்தேன். சரிபார்க்கிறதா உங்க ஆபீஸ்லேர்ந்து பதில் வந்துச்சு."

தலைவருக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். "சரி, சரி. நாலு ஆளைக் கூடுதலா எடுத்துச் சீக்கிரம் சரி பண்ணுங்க. பதிலை இப்பவே போட்டுடு பொண்ணே. உள்ளதையே போடு."

பிட்னா அங்கேயே போனை எடுத்து எழுதினாள். 'தவறு எங்களுடையது. மாதக் கடைசிக்குள் பந்து திரும்பி வரும். வராவிட்டால், வரவில்லை என்பதையும் நாங்களே சொல்வோம்.' கீழே தன் பெயரைப் போட்டாள். முதல் முறையாக அது அவளுக்குக் கூச்சமாக இல்லை.

அடுத்த நிமிடமே பதில்கள் வந்து குவிந்தன. 'கிளிப்பிள்ளை பேசுதுடா!' 'யாரோ இவங்க கணக்கைத் திருடிட்டாங்கபோல!' கடைசியில் தம்பியிடமிருந்து ஒரு வரி: 'அக்கா, இன்னைக்குக் குழம்பு நான் வைக்கிறேன்.'

மாலையில் அவளும் தோக்கோவும் வெளியே வந்தபோது, லாரித் திரை அணைந்திருந்தது.

"இன்னுமா கிளம்பல இது?" என்று தோக்கோ முறைத்தார்.

"பாவம் சார், அவரைத் திட்டாதீங்க. இந்த லாரி வரலைன்னா நான் இன்னைக்கு வேலையை விட்டிருப்பேன்."

சூடான டின் காபி ஒன்றை வாங்கிக்கொண்டு பிட்னா லாரிக்கு ஓடினாள். தோக்கோவும் வேண்டாவெறுப்பாகப் பின்னால் வந்தார்.

"அண்ணே, நாங்க பதில் போட்டுட்டோம். இந்த வண்டியை அமர்த்தினது யாரோ, அவங்ககிட்ட நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லிடுங்க."

டிரைவர் காபியை வாங்கிக்கொண்டு, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அப்போ நாளைக்கு வண்டி வேணாமா, தோக்கோ சார்?"