பத்தாவது முறை

ஐசியூ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்தபடி, ஜெயசிங் போனை வாயருகே வைத்து வெகுநேரம் பேசினார். வெளியே நின்ற மனைவி எஸ்தரைப் பார்த்துக்கொண்டே பேசினார். தனக்காகத்தான் பதிவு செய்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. மறுநாள் உடலோடு அந்தப் போனையும் கொடுத்தார்கள்.

இன்று அவருடைய ஆபீசில், கம்ப்யூட்டர் பிரிவு பார்த்திபன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அவர் சொந்தக் காசுல வாங்கின போன், தம்பி.”

“போன் அவரோடதுதான் மேடம். ஆபீஸ் மெயில் இருக்கிறதால பூட்டு விதி கம்பெனியோடது. எங்களாலயும் திறக்க முடியாது. பத்து தடவை நம்பரைத் தப்பாப் போட்டா எல்லாம் அழிஞ்சிடும். நீங்க எத்தனை தடவை போட்டீங்க?”

“ஒன்பது.”

கல்யாண நாள், மகள் பிறந்த நாள், தன் பிறந்த நாள், மாமியார் இறந்த நாள். எதற்கும் திறக்கவில்லை.

பார்த்திபன் தயங்கினான். “அவருக்கு வேண்டிய வேற யாரோட பிறந்த நாளாவது...”

எஸ்தர் அவன் கையிலிருந்து போனை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“வேண்டாம் தம்பி. அவர் பேசினது உள்ளேயே இருக்கட்டும்.”