கதாசிரியன் சொன்ன இடம்

கூத்தையா விட்ட அறையில் யோகேஸ்வரனின் கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

வண்டியின் பின்சீட்டில் ஒதுங்கக்கூட இடமில்லை. காலடியில் சாக்கில் சுற்றிய இரண்டு அரிவாள்கள் கிடந்தன.

"ஏலே, நீதான காதல் கதை எழுதிக் கிழிக்கிறவன்? ஓடிப்போன கழுதைக எங்கன போயி ஒளியும்னு ஒனக்குத் தெரியாமலா இருக்கும்?"

கூத்தையா அவனுக்குச் சித்தப்பா. அவன் தங்கை கோகிலாவைத் தூக்கி வளர்த்த கை என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கைதான் காலையிலிருந்து ஓயவில்லை.

கோகிலா விடியும் முன்பே வீட்டை விட்டுப் போயிருந்தாள். கூடப் போனவன் மீன் லாரி ஓட்டுகிறவன். வேறு சாதி. அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அந்த லாரிக்காரனின் கூட்டாளி ஒருவனை உச்சிப்புளியில் மடக்கினார்கள். சித்தப்பா மகன் வேல்ராஜ் இரும்புக் கம்பியால் அவன் முழங்காலை உடைத்தான். எலும்பு முறிந்த சத்தம் வண்டிக்குள் இருந்த யோகேஸ்வரனுக்கும் கேட்டது. பாவம், அந்தப் பையனுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த அடிக்குக் கட்டாயம் சொல்லியிருப்பான்.

அடுத்தது இவன்.

யோகேஸ்வரன் பெண் பெயரில் காதல் தொடர் எழுதுகிறவன். பகலில் ராமநாதபுரத்தில் ஜெராக்ஸ் கடை, கடையைப் பூட்டியதும் செல்போனில் அத்தியாயம். வாசகிகள் அவனை 'அக்கா' என்று கூப்பிட்டு உருகுவார்கள். அவன் கதையில் அடிதடி என்பதே கிடையாது. கதாநாயகிக்கு விரலில் முள் குத்தினால் கதாநாயகன் அரைப் பக்கத்துக்கு மருந்து போடுவான்.

எழுதியதை முதலில் படிக்கிறவள் கோகிலா. புதுப்படம் எது வந்தாலும் அண்ணனும் தங்கையும் முதல் வாரமே போய்விடுவார்கள். இடைவேளையில் முடிவைச் சொல்வதில் இருவருக்கும் போட்டி. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

அவன் கதைகளில் ஓடிப்போகிற ஜோடியெல்லாம் ராமேஸ்வரத்துக்குத்தான் போகும். கோயிலில் தாலி, தனுஷ்கோடி மணலில் விடியல், சுபம். வேறு எங்கும் அனுப்ப அவனுக்கு வரவே வராது. அத்தனையையும் படித்துப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள் வேறு எங்கே போயிருப்பாள்? தீவுக்குத்தான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

வண்டியோ பாம்பன் பாலத்தைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தது.

வேல்ராஜ் கதவைத் திறந்து சாக்கைப் பிரித்தான். அரிவாளின் முனை யோகேஸ்வரனின் காதுமடலை அறுத்துக்கொண்டு இறங்கியது. ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஓடியது. அவனை அறியாமல் பேண்ட் நனைந்துவிட்டது.

அந்த நடுக்கத்திலும் எழுதுகிற புத்தி மட்டும் வேலை செய்தது. எந்த எழுத்தாளனும் காதலர்களைக் கொண்டுபோய் வைக்காத இடம் எது? கோகிலா செத்தாலும் கால் வைக்காத இடம் எது?

திருப்பாலைக்குடிக் கடற்கரையில் ஒரு கருவாட்டுக் கொட்டகை இருந்தது. தொண்டிக்குப் போகிற வழியில் ஒருமுறை அங்கே இறங்கியபோது, நாற்றம் தாங்காமல் வாசலிலேயே வாந்தியெடுத்தவள் அவள். தீவுக்கு நேர் எதிர்த்திசை. இவர்கள் போய்த் தேடிவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு பேரும் தாலி கட்டி ரயிலேறிவிடலாம்.

"திருப்பாலக்குடி" என்றான். "கடக்கரையில கடைசித் தகரக் கொட்டக, கருவாடு காயப்போடுற எடம். அந்தப் பய லோடு எடுக்கிறது அங்கனதான்."

லோடு விஷயத்தை அவனாகச் சேர்த்துக்கொண்டான். பொய்க்குக் கை கால் வைத்தால்தான் நம்புவார்கள். அவன் பிழைப்பே அதுதான்.

நம்பினார்கள். வண்டி திரும்பியது.

தேவிபட்டினம் தாண்டும்போது கூத்தையா தன் துண்டைக் கொடுத்துக் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். முதுகைத் தட்டிக் கொடுத்தார். யோகேஸ்வரனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பொய் என்று தெரிந்ததும் தன்னை வெட்டுவார்கள், வெட்டிக்கொள்ளட்டும். தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் எழுதியதில் உருப்படியான கதை இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டான்.

வேல்ராஜ் கொட்டகையின் தகரக் கதவை உதைத்துத் திறந்தான். கூத்தையாவும் உள்ளே போனார்.

யோகேஸ்வரன் வண்டியிலேயே இருந்தான். கருவாட்டு வீச்சம் வண்டிக்குள்ளும் அடித்தது. உள்ளே கூடைகள் சரிந்து உருண்டன. பிறகு ஓர் ஆணின் அலறல் கேட்டது. அது பாதியில் நின்றுபோனது.

யாரோ கூலிக்காரன் என்று நினைத்து அவன் பதறி இறங்கினான்.

கூத்தையா முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தது கோகிலாவை. மூக்கையும் வாயையும் சேர்த்துத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் சுடிதாரில் இருந்த ரத்தம் அவளுடையது அல்ல.

யோகேஸ்வரன் ஓடிப்போய்ச் சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். நெஞ்சில் உதை விழுந்தது. மல்லாந்து விழுந்தவன் மறுபடியும் எழுந்து பிடித்தான். வேல்ராஜ் அவனை மண்ணில் அழுத்தி முதுகில் முட்டுக்கால் வைத்தான்.

கோகிலா துப்பட்டாவைக் கீழே இறக்கிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அறுந்து தொங்கிய காதைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஒன்னைய அடிச்சுக் கேப்பாகன்னு தெரியும்ணே. நீ ராமேஸ்வரம்னுதான் சொல்லுவேன்னு நம்பி இங்கன வந்தோம்."