பிந்தித் திரும்பிய கார்

“பிழை என்னிலை இல்லை அண்ணை, டிவியிலைதான்,” என்றான் கஜீவன், மறுபடியும் தோற்ற பிறகு.

சுவரை அடைத்துக்கொண்டிருந்த புது டிவியில் அண்ணன் ரதீசனின் சிவப்புக் கார் கொடியைத் தாண்டி நின்றது. இந்தப் பழைய கார் கேம் எல்லாம் டியூப் டிவிக்கென்றே செய்தது, தட்டை டிவியில் பட்டனை அமத்தினால் கார் பிந்தித்தான் திரும்பும் என்பது கஜீவனின் வாதம். எனக்கும் இதே டிவிதானே என்று ரதீசன் கேட்டான்.

ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்கு வந்த புதிதில், பள்ளிக்கூடக் காலத்தில் இருவருமாக வாங்கிய கேம் அது. சனிக்கிழமைகளில் அண்ணனை வெல்லுவதுதான் கஜீவனுக்கு உலகத்திலேயே பெரிய சந்தோஷம். ரதீசனோ விட்டுக்கொடுக்கிற ஆளே இல்லை, பெற்ற மகளைக்கூட அழ அழத் தோற்கடிப்பான். இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து கஜீவன் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. அந்தக் கவலையில் சோறும் சரியாகத் தின்னாமல் திரிந்தான்.

அன்று அண்ணன் வீட்டிலிருந்து புறப்படும்போது கஜீவனின் ஜாக்கெட் பொத்தான்களை அவன் மனைவி வதனிதான் பூட்டிவிட்டாள். இத்தனை வருசமாகியும் புதுமாப்பிள்ளை என்ற நினைப்பு என்று ரதீசன் கேலி செய்தான். வதனி சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்குள் ரதீசனே ஒரு டியூப் டிவியைத் தேடிப் பிடித்துவிட்டான். பக்கத்துப் பகுதியான வில்லரேயில் யாரோ சும்மா கொடுத்தார்களாம். கீழ்வீட்டு அன்டனும் அவனுமாக, பனி உறைந்த வெளிப்படிகளில் மூச்சு வாங்கத் தூக்கி ஏற்றினார்கள். உதவிக்கு வந்த கஜீவனைக் கை வைக்க விடவில்லை.

படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் பழைய கார்கள் பழையபடியே தெரிந்தன. திரையின் மேல்பாதியில் ரதீசன் ஓடினான், கீழ்ப்பாதியில் கஜீவன்.

கடைசிச் சுற்றில் ரதீசன்தான் முன்னுக்கு நின்றான். கொடிக்குக் கிட்ட வந்ததும் சிவப்புக் காரின் வேகம் குறைந்தது. கஜீவனின் நீலக் கார் அதைத் தாண்டிப் போய் வென்றது.

“நீ அப்பவே சொன்னனிதானே,” என்று ரதீசன் தம்பியின் முதுகில் தட்டினான். “நான்தான் நம்பேல்லை.” வதனி பலமாகக் கைதட்டினாள். பிறகு தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விட்டாள்.

கஜீவனின் கண்கள் கலங்கியிருந்தன. வென்ற சந்தோஷம் என்றுதான் ரதீசன் நினைத்தான்.

திரையின் மேல்பாதியையே பார்த்துக்கொண்டிருந்த கஜீவன், தணிந்த குரலில் கேட்டான்.

“டொக்டர் என்ர கையைப் பற்றிச் சொன்னதை, வதனி உங்களுக்கும் சொல்லிப்போட்டாளோ, அண்ணை?”