வயலின்கள் வேண்டாம்

"இதுவும் வேண்டாமாடா? நாற்பது பேர் ஒண்ணா உட்கார்ந்து வாசிச்ச வயலின்டா இது!"

ஸ்டூடியோக்காரர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். பல் டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"வேண்டாம். இரைச்சலா இருக்கு" என்றாள்.

"இரைச்சலா!" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டார் ஸ்டூடியோக்காரர்.

இருவரும் ஒரே ஹாஸ்டல் அறையில் படித்தவர்கள். ஒருவர் பல்லோடு போனார், மற்றவர் பாட்டோடு. பல வருடம் கழித்து இன்றுதான் நண்பனின் வீட்டுக்கு வந்திருந்தார் ஸ்டூடியோக்காரர். நண்பனின் மனைவியைப் பார்ப்பதும் இதுதான் முதல் தடவை.

வீட்டின் முன்பக்கம் கிளினிக். பின்பக்க அறையில் ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், ஜன்னலை அடைத்து நிறுத்திய பழைய மெத்தை. கல்லூரி நாளில் போட்ட ஒரு மெட்டை இப்போதாவது முழுப்பாட்டாக ஆக்கிவிட வேண்டும் என்று டாக்டருக்கு ஆசை. அதற்காகத்தான் நண்பர் ஹார்டு டிஸ்க் நிறைய சாம்பிள் லைப்ரரிகளைக் கொண்டுவந்திருந்தார். நல்ல கலைஞர்களை வாசிக்கவைத்து ஒவ்வொரு ஸ்வரமாகப் பதிந்து வைத்தவை. கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அந்த வாத்தியமே பேசும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கிதான் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது.

அடுத்து, பெரிய மண்டபத்தில் பதிந்த பியானோ. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

"ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு வந்து மோதுது" என்றாள் அவள்.

கோரஸ் குரல்கள். "சந்தைக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு."

புல்லாங்குழல். அவள் முகத்தைச் சுளித்தாள். "இது கொசு."

ஸ்டூடியோக்காரர் லேப்டாப்பில் குனிந்தபடியே, "உங்களுக்கு எந்த மாதிரி வேணும்னு நீங்களே சொல்லிடுங்களேன், தங்கச்சி" என்றார்.

பதில் இல்லை. அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'கேட்டா பதில் சொல்லக்கூட மனசில்லை. நல்ல திமிர்தான்' என்று நினைத்துக்கொண்டார் அவர்.

"நீ அடுத்ததைப் போடுடா" என்று டாக்டர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

அவள் டீ போட எழுந்து போனதும் ஸ்டூடியோக்காரர் பொரிந்து தள்ளினார்.

"பல்லு, உனக்கு என்னடா ஆச்சு? ஹாஸ்டல்ல மேசையைத் தட்டிக்கிட்டே, 'இந்த இடத்துல வயலின் எல்லாம் சேர்ந்து எழும்பும்'னு சொன்னவன் நீதானே?"

"இப்பவும் எனக்குள்ள அப்படித்தான் எழும்புது" என்றார் டாக்டர், கீபோர்டைத் தடவியபடி.

"அப்புறம் என்ன?"

"அவளுக்குப் பிடிக்கலையே."

"ஜன்னல் திரைக்கு என்ன கலர்னு கேளு, நியாயம். பாட்டைப் பத்தி அவங்களுக்கு என்னடா தெரியும்? இவ்வளவு பயந்தாங்கொள்ளியாவா இருப்பே?"

டாக்டர் கோபப்படவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பு நண்பரின் எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது.

டீ வந்தது. ஸ்டூடியோக்காரர் பாதி வெறுப்பிலும் பாதி கேலியிலும் இலவசமாகக் கிடைத்த ஒரு லைப்ரரியைத் திறந்தார். ஸ்வரத்துக்கு ஒன்றாகச் செதுக்கிய மரக்கட்டைகளைச் சின்ன அறையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிந்தது. எதிரொலி இல்லை, இழுவை இல்லை. டக், டக் என்று வறண்ட சத்தம்.

"இந்தா, விளையாட்டுச் சாமான். இதையும் வாசிச்சுப் பாரு."

டாக்டர் தன் மெட்டின் முதல் வரியை வாசித்தார்.

அவள் கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"இன்னொரு தடவை."

வாசித்தார்.

"கொஞ்சம் மெதுவா."

விரல் விரலாக எடுத்து வைத்து வாசித்தார். அவளுடைய கை அவளறியாமல் முழங்காலில் தாளம் போட்டது.

"இது வருது" என்றாள். "ஒவ்வொண்ணும் தனித்தனியா வருது."

"இதுதான்டா. வயலினை எல்லாம் எடுத்துடு" என்றார் டாக்டர். அவர் குரல் தழுதழுத்தது.

ஸ்டூடியோக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஆசைப்பட்ட வயலின் போன துக்கத்தில் நண்பன் குரல் உடைகிறது என்றே நினைத்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு நேரே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. வருஷக்கணக்கா இவன் மனசுல வச்சிருந்த பாட்டு இது. நீங்க சொன்னீங்கன்னு அந்த வயலினையே விடறான். அதைவிட ஒசத்தியா இந்தக் கட்டைச் சத்தத்துல அப்படி என்னத்தைக் கேட்டீங்க?"

"டேய், நான் சொல்றேன்..." என்று எழுந்தார் டாக்டர்.

அவள் கையமர்த்தினாள். பிறகு பக்கவாட்டு முடியை மெல்ல ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால், இன்னும் முடி முழுதாக வளராத ஆபரேஷன் தழும்பு. அதை ஒட்டி ஒரு சின்னக் கருவி.

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போது காய்ச்சல்ல போன காதுண்ணா. போன மாசம்தான் இதை வச்சாங்க. பல சத்தம் ஒண்ணா வந்தா இன்னும் இரைச்சலாத்தான் விழுது" என்றாள் அவள், அவருடைய உதடுகளிலிருந்து பார்வையை எடுக்காமல். "கல்யாணமான நாள்லேருந்து இவர் வாசிக்கறதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இன்னைக்குத்தான் கேட்கறேன்."