மளை

முதல் கதையின் முதல் வரியிலேயே மழை இருந்தது.

மேற்கொண்டு படிக்கவில்லை. எடுத்து ஓரமாக வைத்தாள்.

அடுத்தது பொங்கலுக்கு எழுதியது. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினாள். உப்பு அரித்து வெடித்த விரல். தாளில் உரசும்போது சத்தம் கேட்டது.

விரல் நின்றது.

உழவன்.

அதுவும் ஓரத்துக்குப் போனது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் உப்பளம் மூடினால் சங்கக் கட்டடத்தில் நாடகம் திறக்கும். பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கிற மட்டும் வேலை கிடையாது. காலனிப் பிள்ளைகள் வசனம் படிப்பார்கள். பொங்கலன்று மேடை ஏறுவார்கள். ஆளுக்கொரு தனிநடிப்பு, கடைசியில் எல்லோருமாக ஒரு நாடகம்.

இந்த வருஷம் கதை எடுக்கிற பொறுப்பு அவளுடையது. கூட்டத்தில் கேட்டபோது கையைத் தூக்கிவிட்டாள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவளுக்கு அந்தத் துணிச்சல் வந்துவிடுகிறது.

ழ அவளுக்குப் பிடித்த எழுத்துதான். மாலைப் பள்ளியில் படித்ததிலேயே அதைத்தான் அழகாக எழுதுவாள்.

எழுத வந்தது. சொல்ல வரவில்லை.

அளத்தில் பலருக்கும் வராது. அவள் மகள் பேச்சிக்கும் வராது. தாய் வாயில் இல்லாதது பிள்ளை வாய்க்கு எங்கிருந்து வரும்.

போன பொங்கலுக்குப் பேச்சி மேடையில் நின்று, மளை வருது, மளை வருது என்றாள். கூட்டத்தில் ஒருவன், "பாப்பா, ஒரு வாளப்பளம் குடேன்" என்றான். கூடமே சிரித்தது. மிச்ச வசனத்தை விழுங்கிவிட்டுப் பிள்ளை இறங்கி வந்தது.

இந்த வருஷம் அதுவாகவே சொல்லிவிட்டது.

"நான் மரமா நின்னுக்கிடுதேம்மா."

நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஞானதுரைக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. அவர் அளத்தில் லாரி எடை போடுகிறவர். நல்ல மனிதர். மரத்துக்குப் பச்சைத் துணி தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

அவள் சங்கத்தில் இருந்த கதைக் கட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

ழ இல்லாத கதை. ஒன்று போதும்.

கிறிஸ்துமஸ் கதையில் ஏழை இருந்தான். மார்கழிக் கதை பெயரிலேயே போயிற்று. சுதந்திர தினக் கதை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து வாழ்க, வாழ்க என்றார்கள்.

குடத்தோடு போன பூரணம் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மயினி, மவளுக்கு ஒரு வேஷமும் ஆம்புடலியா? பேசாம மரமாவே நிறுத்திருங்க. தண்ணி ஊத்துனா காய்ச்சாலும் காய்க்கும்."

"ஒன் மண்டையில காய்க்கும். போடி."

கட்டு தீரப் போகும்போது அது கிடைத்தது. தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் எங்கும் நிற்கவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினாள்.

இல்லை. ஓரிடத்திலும் ழ இல்லை.

பிறகுதான் என்ன கதை என்று பார்த்தாள்.

கிளி. கூண்டுக் கிளி. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். சொல்லிக்கொடுக்காதபோது சும்மா இருக்கும்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

வரப்பில் நின்று பேச்சி, எம்மா என்று ஒரு குரல் கொடுத்தால் கடைசிப் பாத்தியில் இருப்பவளுக்குக் கேட்கும். காற்று எதிரே அடித்தாலும் கேட்கும்.

கிளியை ஓரத்தில் வைத்தாள்.

முதலில் தள்ளிய தாளை எடுத்தாள். இந்தத் தடவை மழையில் நிற்கவில்லை. தாண்டிப் போனாள்.

ஒரு பெண் உப்பள வரப்பில் நிற்கிறாள். அள்ளாத உப்பு அவள் கண்ணெதிரே கரைகிறது. அவள் மழையைத் திட்டுகிறாள்.

மழையே, ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? உன்னை இங்கே அழைத்தது யார்?

வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அளத்தில் நின்று மழையை இப்படி ழ போட்டுத் திட்டிய ஒருத்தியையும் அவள் பார்த்ததில்லை.

பேனாவை எடுத்தாள்.

பெண் நிற்கிறாள், மழை பெய்கிறது என்று அடைப்புக்குறிக்குள் இருந்ததைத் தொடவில்லை. அந்தப் பெண் வாய் திறக்கும் இடங்களில் மட்டும் ழ-வை அடித்துவிட்டு, மேலே ள போட்டாள்.

மளை. வளி. ஏளை.

அழைத்தது என்பதில் கொஞ்சம் யோசித்தாள். அதை முழுசாகவே அடித்துவிட்டு, கூப்பிட்டது என்று எழுதினாள்.

மாலைப் பள்ளியில் வாத்தியார் சிவப்பு மையால் திருத்தித் திருத்தி, பாடுபட்டு அவள் விட்டொழித்த பிழைகள் இவை.

நடிப்பவர் பெயருக்கு விட்டிருந்த இடத்தில் பேச்சி என்று எழுதினாள்.

சாயங்காலம் பிள்ளைகள் ஒத்திகைக்கு வந்தார்கள். பேச்சி நேரே சுவரோரம் போய், மரம் நிற்கிற இடத்தில் நின்றாள். தாய் எழுந்துபோய்த் தாளைக் கொடுத்தாள்.

பேச்சி பார்த்தாள். முகம் சுருங்கியது.

"எம்மா, தப்புத் தப்பா எழுதியிருக்க."

"வாசி."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதுரை பச்சைத் துணியை விரித்துப் பிடித்தபடி நின்றார்.

பேச்சி மறுபடி தாளைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசி வரைக்கும் போனாள்.

பிறகு சுவரை விட்டு வந்து, ஜன்னல் கதவை நன்றாகத் தள்ளித் திறந்தாள். மழை வலுத்திருந்தது. வரப்புகள் ஒவ்வொன்றாக மூழ்கிக்கொண்டிருந்தன.

கடைசிப் பாத்தியில் நிற்பவளைக் கூப்பிடப் போகிறவள் மாதிரி, மூச்சை இழுத்தாள்.