ஆவி வரும் பக்கம்

கோட்டின் லைனிங் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. பக்கத்திலேயே துணிக்குவியல் மேல் அவள் கைக்குழந்தை தூங்கியது.

எதிரே சோபாவில் வீட்டுக்கார மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மடியில், மகள் விட்டுப்போன ஜப்பான் படக்கதை. மங்காவாம்.

"இதைப் பாரேன். சின்னப் பொண்ணு. ஒரு தப்பும் செய்யல. தூக்கி உள்ள போட்டுட்டானுங்க."

"ஐயோ பாவம்."

"ஜெயில் செவுத்துல இருந்து ஒரு ஆவி வருது. அதே அறையில முன்னாடி செத்தவ. அது ஒண்ணுதான் இவ சொல்றதைக் காது குடுத்துக் கேக்குது. மனுஷங்க ஒருத்தருக்கும் காது இல்ல."

"கடைசில வெளிய வந்துடுவாளா மேடம்?"

"எங்க? முதல் பக்கத்துல சிரிச்சுக்கிட்டே ரோட்டுல நடந்து போறா. கடைசிப் பக்கத்துல விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போறாங்க. இப்படியா கல்நெஞ்சோட கதை எழுதுவான்?"

தையல்காரி எட்டிப் பார்த்தாள். மேடம் முதல் பக்கம் என்று நினைத்ததில், 'பின்பக்கமிருந்து படிக்கவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டு அம்புக்குறியும் காட்டியிருந்தது. அவளுடைய அஞ்சாம் கிளாஸ் படிப்புக்கே அது விளங்கியது. மேடம் எம்.ஏ. படித்தவர்; படம் பார்த்து அழவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, இவ திருட மாட்டான்னு."

தையல்காரி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "நம்ம வாயாடிகூட அப்படித்தான் மேடம்."

வாயாடி இந்த வீட்டில் வேலை செய்த பெண். தையல்காரி வரும்போதெல்லாம் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓயாமல் பேசுவாள். மேடத்தின் மோதிரம் காணாமல் போனது. வாயாடி உள்ளே போய் நாலு மாதம் ஆகிறது.

"அவளா? அவ முழியே சரியில்ல. போலீஸ் வந்ததும் எப்படி அழுதா. தப்பு செய்யாதவ எதுக்கு அழணும்?"

"புத்தகத்துல இருக்கற பொண்ணும் அழுவுதே மேடம்."

"அது வேற."

சரி, வேறதான் போலிருக்கிறது என்று தையல்காரி லைனிங்குக்குள் விரலை விட்டாள். அடி மடிப்பில் ஏதோ தட்டுப்பட்டது.

மோதிரம். உள்பக்கம் மேடத்தின் பெயர் பொறித்திருந்தது.

மேடம் அதைப் பிடுங்கிப் பெயரைப் படித்துப் பார்த்தார்.

"பாக்கெட் ஓட்டை வழியா இறங்கியிருக்கு மேடம்."

"தெரியுது."

"வாயாடியை இன்னிக்கே விட்டுடச் சொல்லிடலாமா?"

"என்ன பேசற நீ? புகார்ல கையெழுத்துப் போட்டவ நான். மாதர் சங்கச் செயலாளர் வேற. என் கோட்டுலயே இருந்துச்சுன்னு நான் போய்ச் சொன்னா, ஊரே கைகொட்டிச் சிரிக்காதா? நாலு மாசம் இருந்துட்டா. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா தேஞ்சா போயிடுவா? வேளாவேளைக்குச் சோறு போடறாங்க."

மேடம் மோதிரத்தை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இருந்த இடத்துலயே வச்சுத் தைச்சுடு. நீ வீடு வீடாப் போய்த் தைக்கறவ. வாயைத் திறந்தேன்னு வச்சுக்கோ, ஒரு வீட்டுல உன்னை உள்ள விடமாட்டாங்க. பிள்ளைக்காரி, பாத்துப் பொழைச்சுக்கோ."

"சரி மேடம்."

"இன்னிக்குப் பெண்கள் ஜெயிலுக்குச் சங்கம் சார்பா புத்தகம் குடுக்கறோம். இதையும் அந்தக் கட்டுல வச்சுக் கட்டிடு. உள்ள இருக்கற பொண்ணுங்களுக்கு ஆறுதலா இருக்கும்." எழுந்தவர் நின்றார். "அந்த ஜெயிலர் அம்மாவுக்குத்தான் மரியாதையே தெரியாது. நான் குடுக்கற புத்தகத்தைக்கூட என் கண்ணு முன்னாடியே ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சுப் பாக்கறா. நான் என்னமோ எதையோ ஒளிச்சு வச்ச மாதிரி."

மேடம் அலங்காரம் பண்ணிக்கொள்ள உள்ளே போனார். அதற்கு எப்போதும் அரைமணி ஆகும்.

திரும்பி வந்தபோது கோட்டு தயாராக இருந்தது. மாட்டிக்கொண்டு அடி மடிப்பை அழுத்திப் பார்த்தார். வட்டமாக, கெட்டியாக விரலில் தட்டியது.

"பிரிஞ்சு வராதுல்ல?"

"துணி கிழிஞ்சாலும் தையல் பிரியாது மேடம்."

"கெட்டிக்காரி." போட்டோ எடுப்பார்களே என்று, புத்தகக் கட்டை மேடமே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

தையல்காரி மிச்சமிருந்த தலையணை உறைகளை எடுத்தாள். இரண்டு உறை தைத்தாள். மூன்றாவதில் ஊசி விரலில் குத்தியது. இன்றைக்கு அவளுக்கு அது மூன்றாவது குத்து.

டப்பாவைத் திறந்து பட்டன்களை எண்ணினாள். கோட்டுப் பட்டனில் ஒன்று குறைந்தது. அது லைனிங்குக்குள் பத்திரமாக இருக்கிறது. மோதிரம்தான் படக்கதையில், செவுத்துல இருந்து ஆவி வரும் பக்கத்தில், நாலு தையல் போட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே பென்சிலால் 'இது மேடம் கோட்டு லைனிங்கில் இருந்தது. நான்தான் கண்டெடுத்தேன். வாயாடி எடுக்கவில்லை' என்று எழுதி, தன் பெயரும் போட்டிருந்தாள். அஞ்சாம் கிளாஸ் எழுத்து. கோணல்மாணலாக இருக்கிறதே, அந்த ஜெயிலர் அம்மாவுக்குப் படிக்க வருமோ வராதோ என்று அவள்...

"ஏம்மா தையல்," மேடத்தின் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "ஜெயில்ல இருந்து போன். மேடம் இல்ல, அந்த ஜெயிலர் அம்மா. உன்கிட்டதான் பேசணுமாம், வா."